முந்தானையில் முடிந்த மாத்திரை

வாசலில் நின்ற அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்து, "வந்துட்டியா கமலா?" என்றாள். ஒன்பது வருடம் கழித்து வந்திருக்கிறேன். மலேசியாவில் கிள்ளானிலிருந்து கடல் தாண்டி, இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, திருவொற்றியூர் சந்துக்குள் வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறேன். என்னை விட்டுவிட்டு மீட்டர் பெட்டியோடு பேசினால் கோபம் வருமா வராதா?

"ஏன் மூஞ்சியத் திருப்புற? வந்ததும் சண்டையா?" என்றேன்.

"சண்டையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நேரா பாத்தா உன் மூஞ்சி இருக்கற எடத்துல கறுப்பா ஒண்ணு குந்திகினு கீது. இப்டி ஓரமா பாத்தாதான் நீ தெரியிற" என்றாள் அக்கா. பிறகு என் தாடையைப் பிடித்து, காய் வாங்குகிறவள் மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பினாள். "நல்லா பெருத்துட்டடி."

அதற்கு மேல் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதேன். அக்கா அழவில்லை. என் முதுகைத் தட்டி, "உள்ள வா, சந்துல போறவன்லாம் பாக்கறான்" என்றாள்.

நான் சுற்றிப் பார்க்க வரவில்லை. அக்கா மகன் சேகர் போன மாதம் போன் செய்திருந்தான். "சித்தி, அம்மாவுக்கு எடது கண்ணு சுத்தமா போச்சு. சோத்துக் கை பக்கத்துக் கண்ணும் போய்கினே கீது. ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போவ ஆளில்ல." சேகர் ட்ரெய்லர் ஓட்டுகிறான். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நின்றால் ஒரு நாளும் ஆகும், ஒன்றரை நாளும் ஆகும். வண்டியை விட்டு இறங்கிப் போனால் இடம் போய்விடும். அப்படியே ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் கொடுத்த தேதிகள் மூன்று தடவை தவறிவிட்டன. என் வீட்டுக்காரரும் கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர்தான். அங்கேயும் காத்திருப்பு உண்டு. ஆனால் அவர் லாரிக்கு அடியில் அடுப்பு வைத்துச் சோறு வடித்ததை நான் பார்த்ததில்லை. இங்கே டிரைவர்கள் அப்படி வடிப்பதைப் பார்த்தேன்.

அக்கா பெயர் சரோஜா. அவளும் கிள்ளானில் பிறந்தவள்தான். அங்கே ஒப்பந்த வேலைக்கு வந்த திருவொற்றியூர் ஃபிட்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். மாமா போய் ஆறு வருடமாகிறது. சர்க்கரை எங்கள் அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போன சொத்து. தைராய்டு மட்டும் எனக்கு முதலில் வந்தது, நாலு வருடம் கழித்து அவளுக்கும் வந்தது. அந்த விஷயத்தில் நான்தான் சீனியர். ஞாயிற்றுக்கிழமை போனில், டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அக்கா என்னிடம் கேட்பாள். நானும் பெரிய ஸ்பெஷலிஸ்ட் மாதிரி பதில் சொல்லுவேன்.

முதல் நாளே ஃபேனுக்காகச் சண்டை. வெளியே தார் உருகுகிற வெயில். அக்கா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். "குளிருதுடி." முகம் உப்பி, குரல் கரகரத்து, ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க அரை நிமிடம் எடுத்துக்கொண்டாள். ஊரிலேயே வேகமாகப் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள் அவள். கேட்டால், "சுகர்ல அப்டித்தான்" என்றாள். பக்கத்து வீட்டம்மாவும் எட்டிப் பார்த்து அதையே சொன்னார். சர்க்கரையின் தலையில் எதைப் போட்டாலும் தாங்கும்போல.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர் லாரி வந்தது. சந்தின் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு ஓடினார்கள். அக்கா என்னை வரிசையில் நிறுத்திவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே முனை டீக்கடைக்குப் போனாள். தண்ணீருக்கு நிற்கிற பெண்கள் முறை வைத்துப் போய் அங்கே ஒரு டீ அடித்துவிட்டு வருவது வழக்கமாம். அக்காவின் தினசரி ஊர்வலமே அதுதான். கடைக்காரர் கிளாஸை அவள் கையைப் பிடித்து அதில் வைத்தார். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்தாள். சில்லறை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் பின்னால் நின்ற அம்மாள் என் குடத்தை இடித்து, "இன்னாம்மா, ஃபாரின்ல தண்ணி புடிக்கத் தெரியாதா? குடத்த நவுத்து" என்றார். நான் நகர்த்தினேன்.

கண் ஆஸ்பத்திரிக்கு இஸ்மாயில் பாயின் ஆட்டோவில் கிளம்பினோம். தண்டையார்பேட்டைக்காரர், மாமாவுக்குச் சினேகிதர். கிளம்பிக் கால் மணி நேரத்தில் இரண்டு ட்ரெய்லர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். முன்னாலும் கண்டெய்னர், பின்னாலும் கண்டெய்னர், மேலே கொஞ்சமாக வானம். பக்கத்து வண்டியின் வடநாட்டு டிரைவர் போனில் சிரித்துச் சிரித்து இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். "என்ன சொல்றாரு?" என்று பாயைக் கேட்டேன். "பொண்டாட்டிகிட்ட, லோடு எறக்கிட்டேன், குளிச்சிட்டு சாப்புட்டேன்னு சொல்றாரும்மா. நேத்து மத்யானத்துலேர்ந்து இங்கதான் நிக்கறாரு." அக்கா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். "இதுக்கே நேரம் போயிடும். இன்னிக்கும் பாக்க மாட்டாங்க" என்றாள். பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, நாலு டிரைவர்களைக் கெஞ்சி, இரண்டு பேரைத் திட்டி, ஆட்டோவை நடைபாதை மேல் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் கடைசி டோக்கன் எங்களுடையது.

கண்ணில் மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே போனதும் கண் டாக்டரம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் நாற்காலியை இழுத்தாலே நல்ல சேதி இல்லை என்று அர்த்தம்.

"அம்மா, இடது கண்ணுல ரத்தம் கசிஞ்சு கசிஞ்சு உள்ளே இருக்கிற திரை பிரிஞ்சு போச்சு. ரொம்ப லேட்டு. அதுல இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. வலது கண்ணுல பார்வையோட நடு இடம் வீங்கியிருக்கு. அதுக்கு ஊசி போடலாம். போனது திரும்ப வரும்னு சொல்ல மாட்டேன். இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கலாம்."

அக்கா, "ஓரம் மட்டும் நின்னா போதும்மா. நடக்கறதுக்கு" என்றாள்.

டாக்டரம்மா அவள் ஸ்வெட்டரைப் பார்த்தார். காலை விரலால் அழுத்திப் பார்த்தார். "தைராய்டு மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" "ஒருநாள் வுட்டது இல்லம்மா." "அப்புறம் ஏன் இப்படி இருக்கீங்க?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு சீட்டு எழுதினார். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டுப் பொது மருத்துவரையும் பார்க்கச் சொன்னார். ஊசி வெள்ளிக்கிழமை.

மூன்றாம் நாள் ரத்தம் கொடுக்கப் போனோம். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு லேப் பெண், "வெறும் வயிறுதானே?" என்று கேட்டாள்.

"வெறும் வயிறுதாம்மா. டீ மட்டுந்தான் குடிச்சேன்" என்றாள் அக்கா.

"டீ குடிச்சா அது வெறும் வயிறாம்மா? எழுந்திரிங்க, நாளைக்கு வாங்க."

"டீ இன்னா சோறா? தண்ணிதானே அது!" அக்கா நிஜமாகவே வாதாடினாள். வரிசையில் நின்ற இன்னும் இரண்டு பேர், நாங்களும் டீ குடித்தோமே என்று முனகிக்கொண்டு கழன்றுகொண்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்குச் சிரித்தேன்.

வீணாய்ப்போன அந்த நாளில் அக்கா என்னை வண்ணாரப்பேட்டைக்கு அழைத்துப் போனாள். இருபது வருடமாக அங்கே ஒரு மொத்தக் கடைக்குச் சட்டைகளில் பட்டன் தைத்துக் கொடுக்கிறாள். கடைசியாக வாங்கிய கட்டைக் கொடுக்க வேண்டியிருந்தது. மெட்ரோ ஏறி இறங்கி, தோளோடு தோள் உரசுகிற கூட்டத்தில் அவள் என் ஜாக்கெட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைக்கார பாய் ஒரு சட்டையை விரித்துப் பார்த்தார், இன்னொன்றை விரித்தார், இரண்டையும் மடித்து வைத்தார். நானும் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் பாதி பட்டன் பச்சை நூலில் தைத்திருந்தது. "சரோஜாக்கா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. கண்ணு சரியானதும் நானே சொல்லி அனுப்பறேன்" என்றார். கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். வெளியே வந்ததும் அக்கா, "நூலு கலர் மாறிப்போச்சா?" என்று கேட்டாள். ஒன்றிரண்டுதான் என்று சொன்னேன். நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

சாப்பாட்டை விட்டுவிட்டு எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் இது நான் எழுதியதே இல்லை என்பார்கள். அங்கே அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பண்டமாம். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார்கள். கூட வாழைத்தண்டு சூப். எங்கள் ஊரில் மீ கோரெங் என்று வறுத்துத் தருகிற நூடுல்ஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை. சர்க்கரைக்காரிகள் இரண்டு பேரும் ஒரு தட்டைப் பங்கு போட்டோம். அக்கா தட்டைப் பார்க்காமல் விரலால் துழாவித் துழாவி எடுத்தாள். மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வர, "இந்தக் கண்ணு அழறதுக்கு மட்டும் நல்லா வேல செய்யுது" என்றாள். மிச்சத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

நாலாம் நாள் டீ குடிக்காமல் போய் ரத்தம் கொடுத்தாள். வழியெல்லாம் தலைவலி என்று புலம்பல். வரும்போது இஸ்மாயில் பாயிடம், "எண்ணூர் பக்கம் வுடு பாய், இவ கடல் பாக்கட்டும்" என்றாள். கடல் என்றால் மணல் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது கருங்கல் அணை. பாறாங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். தூரத்தில் புகைபோக்கிகள், காற்றில் தொண்டையைப் பிடிக்கிற ஒரு நெடி. அக்கா கல்லில் உட்கார்ந்து, கடலுக்குப் பக்கவாட்டில் திரும்பி, கடலைப் பார்த்தாள்.

"கப்பல் கீதா?"

"நாலு நிக்குது."

"எனுக்கு ஒண்ணுதான் தெரியுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டாக்டரம்மா ஓரத்தயாவது காப்பாத்துவாங்களா கமலா?" என்று கேட்டாள். காப்பாற்றுவார்கள் என்றேன். எனக்கு என்ன தெரியும்? வழக்கம்போல ஸ்பெஷலிஸ்ட் மாதிரி சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பொது மருத்துவரிடம் போனோம். இளவயது டாக்டர், நிதானமானவர். தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"அஞ்சு வருஷமா மாத்திரை சாப்பிடுறீங்க. டோஸை ரெண்டு தடவை கூட்டியிருக்காங்க. ஆனா ரிப்போர்ட்டப் பார்த்தா மாத்திரையே சாப்பிடாத ஆள் மாதிரி இருக்கு. எப்படிச் சாப்பிடுறீங்கம்மா?"

"காலைல, வெறும் வயித்துல சார்."

"எதை வச்சு முழுங்குவீங்க?"

"டீய வெச்சுதான்."

"டீயா? பால் டீயா?"

"ஆமா சார். தண்ணி லாரிக்கி போவசொல்ல மாத்திரைய முந்தானைல முடிஞ்சிகினு போவேன். டீக்கடைல வாய்ல போட்டுகினு ஒரு கிளாஸ் டீ. நேத்து மட்டும் டீ குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. அத்தொட்டு மாத்திரயும் போடல."

முந்தானை முடிச்சிலிருந்து அவள் எடுத்தது சில்லறை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் உறைத்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இந்த மாத்திரையை வெறும் தண்ணியிலதான் போடணும். போட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ, பால், சாப்பாடு எதுவும் கூடாது. பால் டீயோட போட்டா பெரும்பாலும் உடம்புல சேராது. அஞ்சு வருஷமா உங்களுக்குத் தைராய்டு குறைஞ்சே இருந்திருக்கு. அதனால உடம்பு வீங்கும், கொழுப்பு ஏறும், சுகரைக் கட்டுப்படுத்தறது கஷ்டமாகும். சுகர் இருக்கிறவங்களுக்குத் தைராய்டும் குறைஞ்சா கண் கெடறது அதிகமாகலாம்னும் சொல்றாங்க. இதனாலதான் உங்க கண்ணு போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லவும் முடியாது. சுகரே போதும் கண்ணைக் கெடுக்க. ஆனா இது சரியா இருந்திருந்தா கண்ணு மேல ஒரு பாரம் குறைஞ்சிருக்கும்." பிறகு கேட்டார். "டீயில போடலாம்னு யார் சொன்னாங்க?"

நான் சொன்னேன். டாக்டரிடம் அல்ல. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், அக்காவிடம். "விடிஞ்சதும் வெறும் தண்ணியில போட்டா கொமட்டுதுடி" என்றாள். "அட, டீயில போட்டு முழுங்கு. நான் அப்படித்தான் போடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்றேன். அடுத்த வருடம் கிள்ளான் கிளினிக் நர்ஸ் என்னை நன்றாகத் திட்டினார். அன்றிலிருந்து நான் தண்ணீருக்கு மாறிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை போன் பேசினோம்! பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்த கதை பேசினேன், மீன் விலை பேசினேன். இதைச் சொல்லத் தோன்றவே இல்லை.

வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, "யாரும் சொல்லல சார். நானாதான்" என்றாள். பக்கவாட்டில் திரும்பியிருந்தாள். அவளுக்கு நான் தெரிகிற பக்கம் அது. நான் வாயை மூடிக்கொண்டேன். அறுபது வயதுக்காரி, ஒரு வார்த்தை சொல்லத் துணிவில்லாமல் ரிப்போர்ட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆட்டோவில் ஏறியதும் உடைந்துபோனேன். "அக்கா, நான்தானே சொன்னேன். ஞாபகம் இருக்கா இல்லியா?"

"கீது."

"அப்ப ஏன் அப்படிச் சொன்ன?"

"பின்ன இன்னா சொல்லச் சொல்ற? தோ நிக்கறாளே, இவதான்னு காட்டவா? காட்டினா கண்ணு வந்துடுமா?" அவசரமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "நீ ஏரோப்ளேன்ல போறவ. உனுக்கு வெயிட்டு லிமிட்டு கீது. கருவாட்டுக்கே பொட்டில எடம் பத்தலன்னு காலைலேர்ந்து பொலம்பிகினு கீற. இதயும் தூக்கினு போவப் போறியா?"

இஸ்மாயில் பாய் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வலது கண்ணில் ஊசி போட்டார்கள். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். வேண்டாத சாமியில்லை. இன்னும் பல ஊசிகள் போட வேண்டும், ஒவ்வொரு மாதமும் வர வேண்டும், எந்த அளவுக்கு நிற்கும் என்று போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. மாதாமாதம் யார் அழைத்து வருவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இஸ்மாயில் பாய், "தேதிய எனக்குச் சொல்லிடுங்கம்மா, நான் இஸ்துகினு வரேன்" என்றார். அன்று சாயங்காலம் சேகர் வரிசையிலிருந்து விடுபட்டு வந்தான். அம்மாவின் கட்டுப்போட்ட கண்ணைப் பார்த்துவிட்டு, தட்டில் வைத்த சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

நான் கிளம்புகிற அன்று விடிகாலையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. சேகரே குடங்களை எடுத்துக்கொண்டு போனான். அக்கா முந்தானையில் எதையும் முடியவில்லை. நான் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். என் மாத்திரையையும் எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒன்றாக விழுங்கினோம். அக்கா குமட்டியதை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் மாரைத் தடவினாள். டீக்கடையின் பாய்லர் வாசனை சந்து முழுக்க வந்துகொண்டிருந்தது.

"எவ்ளோ நேரம் ஆச்சு?" என்றாள். சுவர்க் கடிகாரம் அவளுக்கு நேர் எதிரில் இருந்தது.

"பத்து நிமிஷம்."

"இன்னும் அம்பது நிமிஷம் கீதா?" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, என்னைத் தன் கண்ணின் ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். "வெளிச்சத்துல குந்து. ஆடாத. டீ வர்ற வரிக்கும் உன்ன பாத்துகினு கீறேன்."